ஒராங்குட்டான் பாதுகாப்பு: ஒரு தொழிற்றுறையின் வரலாறு

ஒராங்குட்டான் என்னும் பெயர் 'வனத்து மனிதன்' எனப் பொருள்படும் மலாய்ச் சொற்றொடரின் திரிபாகும். போர்ணியோ, சுமாத்திரா ஆகிய இரு தீவுகளிலன்றி வேறெங்கணும் இவ்விலங்கு இயற்கையாக வாழ்வதில்லை. இதனைக் காப்பதை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர், அநாதைக் குட்டியை அணைத்துப் பாலூட்டுவதே அத்தொழில் எனக் கருதுதல் இயல்பு. அத்தொழில் வளர்ந்த வரலாறோ வேறொன்றை உணர்த்துகின்றது.

1855ஆம் ஆண்டு சரவாக்கில் தங்கியிருந்த இயற்கையியலாளர் அல்பிரட் றசல் வலஸ், ஆய்வு மாதிரிகளுக்காக ஒராங்குட்டான்களைச் சுட்டு வீழ்த்தினார். அவ்வாறு மாண்ட தாயொன்றின் குட்டியை அவரே எடுத்து வளர்த்தார்; பால் கிடைக்காமையால் கஞ்சித் தண்ணீரை ஊட்டினார். ஏறத்தாழ மூன்று மாதங்களில் அது இறந்தது. கொன்ற கையே வளர்க்கவும் முயன்றது.

ஒராங்குட்டான்களைக் காக்கச் சட்டங்கள் வந்த பின்னரும், தாயைக் கொன்று குட்டியை விற்கும் வழக்கம் ஒழியவில்லை. 1950களின் பிற்பகுதியில் பார்பரா ஹரிசன் என்பார், அவ்வாறு பிடிபட்டு மீட்கப்பட்ட குட்டிகளைக் கூச்சிங் நகரில் தம் இல்லத்தில் வளர்த்தார். உண்ணத்தக்க கனிகளை அறிதலும், மரக்கிளைகளில் இரவுக்கான படுக்கை அமைத்தலும் தாயிடம் பல்லாண்டு பயின்று பெறும் அறிவாகும். மனிதர் வளர்த்த குட்டிக்கு அவ்வறிவு எளிதில் வாய்ப்பதில்லை. எனவே மீண்டும் காட்டு வாழ்வுக்குப் பழக்கும் முயற்சி தொடங்கியது. 1964இல் சபாவின் செப்பிலோக்கில் அதற்கென ஒரு நிலையம் அமைந்தது.

1971இல் பிருத்தே கல்டிகாஸ் இந்தோனேசியப் போர்ணியோவின் தஞ்சுங் புத்திங் காட்டில் நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். அங்கு ஒரு தாய் ஏறத்தாழ ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையே குட்டி ஈனுதல் இத்தகைய ஆய்வுகளால் புலனாயிற்று. இவ்வுண்மையின் விளைவு பாரதூரமானது. ஆண்டுதோறும் சில தாய்களே கொல்லப்படினும் ஒரு கூட்டம் அழிந்துபோகக்கூடும். எத்தனை குட்டிகளைப் பேணினும் அவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது.

1996இல் மத்திய கலிமந்தானில் ஏறத்தாழ பத்து இலட்சம் ஹெக்டேயர் நிலத்தை நெல்வயலாக்கும் அரச திட்டம் தொடங்கப்பெற்றது. கால்வாய்கள் சதுப்புக்காட்டின் நீரை வடித்தன. உலர்ந்த முற்றா நிலக்கரி மண் 1997இல் தீப்பற்றி எரிந்தது. காடிழந்த விலங்குகள் ஊர்ப்புறம் வந்து மடிந்தன. காடு அழிய, குட்டியை மட்டும் மீட்டல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

ஆகவே இத்தொழிற்றுறை இன்று ஒருவகைப் புலமையுள் அடங்குவதன்று. மிருக வைத்தியருடன் தாவரவியலாளர், நீரியலாளர், சட்டம் பயின்றோர், நிலவரைபடம் வரைவோர் ஆகியோரும் வேண்டப்படுகின்றனர். காட்டோரக் கிராமத்து மக்களின் ஒத்துழைப்பின்றி எதுவும் நிலைக்காது. அவர்தம் மொழியைக் கற்றலும் தொழிற்பயிற்சியே. மனித நோய்கள் ஒராங்குட்டானைத் தொற்றுமாதலால், அதனை நேசிப்பவர் அதனைத் தொடாது விலகி நிற்கவும் பழக வேண்டும்.

2017இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட தப்பனூலி ஒராங்குட்டான்கள் எண்ணூறுக்கும் குறைவானவை என மதிப்பிடப்பட்டன. இனங்காணப்பட்டபொழுதே அழிவின் விளிம்பில் நின்ற இவ்வினத்தைத் தாலாட்டினால் மட்டும் காத்தல் இயலாது. இத்துறையை நாடும் மாணவர் முதலிற் கற்கவேண்டியது காட்டையே ஆகும்.