வதந்தியும் அரசும்: கல்முனைக் கரையோரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

1

அரசுகளுக்கிடையிலான போர் இன்று போர்க்களத்தில் மாத்திரம் நிகழ்வதில்லை என்பது யாவரும் ஒப்புக்கொண்ட உண்மையாகிவிட்டது. 2007இல் எஸ்தோனியாவின் வங்கிகளும் அரச இணையத்தளங்களும் முடக்கப்பட்டன. ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்த கணினி நச்சுநிரல் 2010இல் வெளிப்பட்டது. இலங்கையும் இதற்கு விலக்கன்று. 1998இல் விடுதலைப் புலிகளின் பெயரால் இலங்கைத் தூதரகங்களுக்கு மின்னஞ்சல்கள் வெள்ளமாய் அனுப்பப்பட்ட நிகழ்ச்சி, இவ்வகைத் தாக்குதல்களின் ஆரம்ப உதாரணங்களுள் ஒன்றாக உலக ஆய்வாளர்களாற் குறிக்கப்படுவது. 2023 ஆகஸ்டில், கப்பம் கோரும் கணினி நிரலொன்று அரச மின்னஞ்சற் சேவையைத் தாக்கியதில் ஏறத்தாழ மூன்று மாதக் காலத் தரவுகள் மீட்க முடியாதவாறு அழிந்தன.

இவற்றைப் பற்றி நிபுணர்கள் எழுதிவருகின்றனர். ஆயின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் முதலிய ஊர்களில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களுக்கு இந்த ‘நவீன அச்சுறுத்தல்’ எவ்வடிவில் வந்து சேர்ந்தது? அது வதந்தியாகவும் பத்திரிகைச் செய்தியாகவும் தூதரக அறிவித்தலாகவும், சுருங்கக்கூறின் ஒரு சொல்லாகவே வந்தது. எனவே அச்சுறுத்தலை ஒரு பனுவலாகக் கொண்டு, அதை ஆக்குவோர் யார், அது எம்மொழியில் ஆக்கப்படுகிறது, எக்கருவி அதைச் சுமக்கிறது, எச்சமூக உறவுகள் அதற்கு வலுவூட்டுகின்றன என வினவுவது இலக்கிய மாணவனுக்கும் உரிய பணியாகிறது. இக்கட்டுரை அவ்வினாக்களை வரலாற்றடிப்படையில் அணுக முயல்கிறது.

2

தகவற்போர் கணினியோடு பிறந்ததன்று. 1914 ஆகஸ்டில் பிரித்தானியா ஜேர்மனியின்மீது போர் தொடுத்தவுடன் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, ஜேர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளைத் துண்டித்தமையாகும். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ‘எம்டன்’ கப்பல், நவம்பர் 9ஆந் திகதி கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றவிடத்தே தானும் அழிந்தது. கப்பல் அழிந்த பின்னரும் அதன் பெயர் தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. அச்சம் எவ்வாறு சொல்லாகிறது என்பதற்கு இது சான்று.

அச்சொல்லுக்குப் பலியானோரும் உளர். அம்பாறைக் கரைக்குத் தெற்கே யாலைக் காட்டின் முதற் காவலராயிருந்த எங்கெல்பிரெக்ட் என்பவர், முன்னர் போயர் யுத்தக் கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். அவர் எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்ற வதந்தியின் பேரில் சிறையிடப்பட்டார். அது பொய்யென்பது பின்னரே தெளிவாயிற்று. பேரரசு அந்நியனொருவனைத் தேடியபோது, ஏற்கெனவே அந்நியனென முத்திரையிடப்பட்டவனே எளிதிற் கிடைத்தான்.

1915ஆம் ஆண்டுக் கலவரம் இதன் பெருவடிவம். மே மாத இறுதியில் கண்டியில் பள்ளிவாசலைக் கடந்த வெசாக் ஊர்வலத்தையொட்டி எழுந்த பூசல், சில நாட்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவிற்று. தேசாதிபதி சாமேர்ஸின் ஆட்சி இதிற் சதியைக் கண்டது. போர்க்கால ஐயம் அதன் கண்ணை மறைத்தது. யூன் 2ஆந் திகதி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறைப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் யூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். கலவரத்தின் வேர் வேறிடத்தில் இருந்ததைக் குமாரி ஜெயவர்த்தனா 1970இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். யுத்தகால விலையேற்றம், சில்லறை வியாபாரத்தில் கரையோரச் சோனகருக்கும் சிங்கள வணிகருக்குமிடையிலான போட்டி, கொழும்புத் தொழிலாளரிடையே நிலவிய அதிருப்தி ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டினார். பொருளாதார முரண்பாடு மதப் பகையாக எழுதப்பட்டது. அதனை அரசு ஏகாதிபத்தியப் பகையாகத் திருப்பி எழுதிற்று.

இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் கிழக்கு மாகாணம் அவ்வாண்டு எரியவில்லை. இம்மக்கள் நெற்செய்கையாளராகவும் மீனவராகவும், மருதமுனை போன்ற ஊர்களில் நெசவாளராகவும் இருந்தனர். அவர்களோடு போட்டியிடும் சிங்கள வணிக வர்க்கம் அன்று இக்கரையில் இல்லை. பற்றுவதற்குப் பொருளின்றி நெருப்புப் பரவுவதில்லை.

3

அப்பொருள் பின்னர் சேர்க்கப்பட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீரையும் நெல்லையும் தந்ததோடு, பெருந்தொகையான சிங்களக் குடியேற்றங்களையும் உண்டாக்கிற்று. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, உள்நாட்டிலே புதிதாக எழுந்த சிங்களப் பெரும்பான்மை நகரமொன்று, தமிழ் பேசும் கரையோரத்தின் நிருவாகத் தலைமையிடமாயிற்று. கரையோர மாவட்டக் கோரிக்கையின் பொருளியல் அடிப்படை இதுவே. நிலத்தோடு மொழியும் சேர்ந்துகொண்டது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், கச்சேரிக்குச் செல்லும் கமக்காரன் தன் நிலத்தைப் பற்றித் தானறியாத மொழியில் எழுதப்பட்ட தாளிலே கையொப்பமிட வேண்டியவனானான்.

அவ்வாண்டு யூனில் கல்லோயாவில் நிகழ்ந்த வன்செயலை, மட்டக்களப்பில் சிங்களப் பெண்ணொருத்தி மானபங்கப்படுத்தப்பட்டாள் என்ற பொய்ச்செய்தி மூட்டிவிட்டது. இரண்டாண்டுகளின் பின் பாணந்துறையில் மீண்டும் அதே கதை வேறுருவில் வந்தது. மட்டக்களப்பிற் கற்பித்த சிங்கள ஆசிரியை ஒருத்தியின் மார்பகங்கள் அறுக்கப்பட்டனவென்றும் அவள் கொல்லப்பட்டாளென்றும் வதந்தி பரவ, கோயிற் குருக்கள் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டார். விசாரித்தபோது அத்தகைய ஆசிரியை எவருமே இருந்ததில்லையெனத் தெரியவந்தது. இதனைப் பதிவுசெய்த தார்சி வித்தாச்சியின் நூல் லண்டனில் வெளியாயிற்று. இலங்கையில் அது தடைசெய்யப்பட்டது. பொய் தடையின்றி உலவியது; அதை மறுத்த உண்மைக்கே தணிக்கை வந்தது.

இவ்வதந்திகளின் கட்டமைப்பு கருதற்பாலது. ஒவ்வொன்றிலும் பெண்ணுடலே மையம். இனத்தின் தொடர்ச்சியைப் பெண்ணின் உடலில் வைத்தெண்ணும் நிலமானிய மனோபாவம், நவீன அரசியலுக்குள் மாறாது வந்திருப்பதை இது காட்டுகிறது.

4

2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுச்சாலையில் நிகழ்ந்ததை இத்தொடரில் வைத்தே நோக்கவேண்டும். கறியிற் காணப்பட்ட கட்டியொன்றைச் சுட்டி, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை உணவிற் கலக்கப்படுவதாக வாடிக்கையாளர் குற்றஞ்சாட்டினர். கூட்டம் சேர்ந்தது. காசாளர் தமிழ் பேசுபவர். சிங்களம் சரிவரத் தெரியாதவர். மாக்கட்டியைப் பற்றிக் கேட்கின்றனர் என்றெண்ணி நடுக்கத்தோடு அவர் கூறிய ‘ஓம்’ கைத்தொலைபேசியிற் பதிவாயிற்று. முகநூலில் அது ஒப்புதல் வாக்குமூலமாயிற்று. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் திகனை, தெல்தெனியப் பகுதிகள் எரிந்தன. 2011க்குப் பின் முதன்முறையாக அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சமூக ஊடகங்கள் சில நாட்கள் முடக்கப்பட்டன. அக்கட்டியில் மருந்தெதுவும் இல்லை, அது வெறும் மாவே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அத்தகைய மாத்திரை மருத்துவ உலகில் இல்லவேயில்லை.

இந்நிகழ்ச்சியைக் கருவியின் குற்றமாக மட்டும் காண்பது மேலோட்டமான பார்வையாகும். 1958இல் முகநூல் இருக்கவில்லை; வதந்தி இருந்தது. எனினும் கருவிக்கும் ஒரு வர்க்கத் தன்மை உண்டு. மக்களின் கவனத்தைப் பண்டமாக்கி விளம்பரதாரருக்கு விற்கும் நிறுவனத்துக்கு, கோபத்தை எழுப்பும் சொல்லே இலாபந்தரும் சொல். சிங்களத்திற் பரவிய வெறுப்பை வாசித்தறியப் போதிய ஆட்களை அந்நிறுவனம் வைத்திருக்கவில்லை. 2020 மேயில் அது வருத்தந் தெரிவித்தது. ஆக, அந்த இரவு மூன்று மொழித்தடைகள் ஒருங்கு சேர்ந்தன: காசாளருக்குச் சிங்களம் தெரியாது, கூட்டத்துக்குத் தமிழ் தெரியாது, கடல்கடந்த நிறுவனத்துக்கு இரண்டுமே தெரியாது. அறுபதாண்டு மொழிக்கொள்கை விதைத்ததைப் பன்னாட்டு முதலாளித்துவம் அறுவடை செய்தது.

5

பொய்யை நம்பிய சமூகத்தில் மெய்யான எச்சரிக்கைக்கு நேர்ந்ததென்ன? 2019 ஏப்ரல் 4ஆந் திகதி இந்தியப் புலனாய்வுத்துறை தாக்குதல் பற்றி இலங்கைக்கு அறிவித்தது. அது கோப்புகளிடையே கிடந்தது. ஏப்ரல் 21ஆந் திகதி தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். முன்னாள் ஜனாதிபதியும் அதிகாரிகளும் கடமை தவறினர் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்து, நட்டஈடு செலுத்தப் பணித்தது.

ஏப்ரல் 26ஆந் திகதி சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தோரைப் பற்றி முதலில் ஐயங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. அன்றிரவு அவ்வீட்டிற் குழந்தைகளுட்படப் பதினைந்து பேர் மாண்டனர். அரசுக்கு எட்டாத அறிவு ஊருக்கு எட்டியிருந்தது. ஆயினும் அடுத்த மாதங்களில் ஊடகங்கள் வரைந்த சித்திரத்தில் அவ்வூர் தகவல் தந்த ஊராக இடம்பெறவில்லை. ஆபத்து ஒளிந்திருந்த ஊராகவே இடம்பெற்றது. மே மாதத்தில் வடமேல் மாகாண முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதே மாதம் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களப் பெண்கள் நாலாயிரம் பேரை இரகசியமாக மலடாக்கினார் என்ற செய்தி சிங்களத் தினசரியொன்றின் முதற்பக்கத்தில் வந்தது. அம்பாறையின் மாக்கட்டி ஓராண்டில் அச்சேறிவிட்டது.

பெரும்பான்மையினரின் அரசு மட்டுமே இவ்வாறு எழுதியது எனக் கூறுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1990இல் ‘காட்டிக்கொடுப்போர்’ என்ற சொல் தமிழிலேயே எழுதப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதும், ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் அச்சொல்லின் நிழலில் நிகழ்ந்தவையே. ஒரே மொழி பேசும் உழைக்கும் மக்களை இருவேறு ‘பாதுகாப்பு’களாகப் பிரித்த அத்தவறு, தமிழ்த் தேசிய இயக்கத்தை உள்ளிருந்தே பலவீனப்படுத்திற்று.

6

அண்மைய உதாரணம் பொத்துவிலை அடுத்த அறுகம்பை. 2004இன் ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக்கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கரையோரத்தில் வகுக்கப்பட்ட தடை வலயம் மீனவரின் குடிசைகளைத் தடுத்தது. சேதமுற்ற ஹோட்டல்களுக்கு விலக்களித்தது. கடலினின்றும் மக்களைக் காக்கும் பாதுகாப்பும் வர்க்கத்துக்கேற்பவே வழங்கப்பட்டது.

காசாப் போர் ஓராண்டைக் கடந்த நிலையில், 2024 ஒக்டோபர் 23ஆந் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பை பற்றிப் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தது. இஸ்ரேல் தன் பிரசைகளை உடன் வெளியேறக் கோரிற்று. காவல் பலப்படுத்தப்பட்டது, கைதுகளும் நடந்தன. எச்சரிக்கை ஆதாரமற்றதென்பது நமது வாதமன்று. 2019இன் படிப்பினைக்குப் பின் அதை அசட்டை செய்திருந்தால் அதுவே குற்றமாகும். நாம் நோக்குவது அதன் பனுவற் பண்பை. அந்த அறிவித்தலில் ‘அறுகம்பை’ என்பது சுற்றுலாப் பயணியின் ஆபத்து மட்டுமே. அங்கு வலை இழுப்பவனும் முச்சக்கரவண்டி ஓட்டுபவனும் அதன் வாசகர் அல்லர். அச்சொல்லின் விளைவை அனுபவிப்போர் மட்டுமே. பருவகால வருவாயை இழந்தவர்களும் சோதனைச்சாவடியில் நின்றவர்களும் அவர்களே.

இத்தகைய நிலை இம்மக்களுக்குப் புதிதன்று. 1984இல் கொழும்பு அமெரிக்கத் தூதரகத்தினுள் இஸ்ரேலிய நலன்காப்புப் பிரிவு திறக்கப்பட்டு அந்நாட்டு ஆலோசகர் வரவழைக்கப்பட்டபோது முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1990இல் அது மூடப்பட்டது. அன்று எதிர்ப்பு ஓர் அரசியல் கருத்தாகக் கொள்ளப்பட்டது. 2025 மார்ச்சில் இஸ்ரேலை எதிர்க்கும் ஒட்டுத்தாளை ஒட்டிய இளைஞர் ஒருவர் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார். கருத்து அச்சுறுத்தலாக மறுபெயரிடப்பட்டுவிட்டது.

7

இவற்றினின்றும் பெறப்படுவன சில. வதந்தியின் கருவி தந்தியிலிருந்து கைத்தொலைபேசிவரை மாறியுள்ளது. அதன் கதையமைப்பு பெரிதும் மாறவில்லை. நிலம், வணிகம், மொழி ஆகியவற்றில் ஏற்றத்தாழ்வு நிலவும் இடத்திலேயே அது நெருப்பாகிறது. அரசோ ஒவ்வொரு முறையும் சட்டத்தையே விடையாகத் தந்துள்ளது. 1979இல் தற்காலிகமென இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. பேசுவோரைத் தண்டிக்கும் சட்டங்கள் பெருகின; அம்பாறையில் ஒரு காசாளர் தன் மொழியிற் பதிலிறுத்துத் தப்பிக்கொள்ளும் உரிமை நடைமுறையில் வளரவில்லை.

கணினிகளைக் காக்கும் அரண்கள் தேவையே. எனினும் கச்சேரியிலும் பொலிஸ் நிலையத்திலும் தமிழில் எழுதப்பட்டுத் தமிழிலேயே விளங்கிக்கொள்ளப்படும் முறைப்பாடு, இரு மொழியும் அறிந்த ஆசிரியர், கல்லோயாவின் நீரைப் பகிரும் சிங்கள, தமிழ், முஸ்லிம் கமக்காரரின் பொது அமைப்பு ஆகியவை எந்த அரணுக்கும் குறைந்த பாதுகாப்பல்ல. அச்சுறுத்தல் ஒரு பனுவலாயின், அதன் எழுத்துரிமை இன்றுவரை இக்கரையோர மக்களிடம் இருந்ததில்லை. அவ்வுரிமையை மீட்பது உழைக்கும் மக்களின் அரசியலைச் சார்ந்த பணி. அம்மக்கள் அறிந்ததைப் பதிவுசெய்வதும், அவர்களைப் பற்றி எழுதப்பட்டதை மறுவிசாரணை செய்வதும் நம்மைச் சார்ந்த பணி.