யார் எந்த உலகத்துக்குப் போவது?

சென்ற வருடம் கோவை பீளமேட்டில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பெண்கள் உட்கார்ந்து கதைத்தொடர் ஒன்றுக்குத் திட்டம் போட்டோம். வெவ்வேறு கதைகளின் பெண்களை ஒரே கதைக்குள் சந்திக்க வைக்க வேண்டும். இதற்குக் கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் கிராஸ்ஓவர். எந்தக் கதை உலகங்களை எடுப்பது என்பதிலேயே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. ஒருத்திக்கு ‘பொன்னியின் செல்வன்’ குந்தவை வேண்டும், இன்னொருத்திக்கு ஹாரி பாட்டரின் ஹெர்மயனி. நான் அண்ணன்மார் கதையின் தங்காளைச் சொன்னேன்.

“அவங்களுக்கு என்ன பவருங்க மேடம்?”

“செத்துக்கிடந்த அண்ணன்மாரை எழுப்பினாள்.”

“அப்புறம்?”

“அவர்கள் மறுபடியும் செத்துப்போனார்கள்.”

சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்தக் கேள்வியால்தான் பழைய கதைகளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். கதை உலகங்களைக் கோத்துத் தொடராக்கும் வேலை நம்மிடம் வெகுகாலமாக நடந்திருக்கிறது.

வியாசபாரதத்தில் அர்ச்சுனன் தீர்த்த யாத்திரையில் மணலூர் அரசன் மகள் சித்திராங்கதையை மணக்கிறான். வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகளாக்கி மதுரைக்குக் கொண்டுவந்தார். மக்கள் கதையோ இன்னும் துணிந்து போனது. ‘அல்லி அரசாணி மாலை’யில் அல்லி தானே மதுரையை ஆள்கிறாள். அவள் அரண்மனையில் பெண்களே காவல், ஆண்வாடையே ஆகாது. அவளைத் தொடர்ந்து ‘பவளக்கொடி மாலை’ வந்தது. அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழ, பவளம் தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடியையும் மணந்து திரும்புகிறான். பிறகு புலந்திரனுக்கும் தனிக்கதை. பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற புத்தகங்கள் இவை. 1934இல் பாகவதர் நடித்த முதல் படமும் ‘பவளக்கொடி’தான்.

என் அம்மிச்சியின் டிரங்குப் பெட்டியில் அட்டை போன ‘அல்லி அரசாணி மாலை’ ஒன்று இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த யாரையாவது பிடித்து உட்கார வைத்துக் கேட்பார். கண்ணன் பாம்பாட்டியாக வர, அர்ச்சுனன் பாம்பாகி அல்லியின் படுக்கையறைக்குள் நுழைந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டும் இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் கேட்பார்: “தூங்கறவ கழுத்துல கட்டுனா அது தாலியாங் கண்ணு?” படிப்பவர் பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். பத்து வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது அப்படியில்லை.

இந்தக் கதைகளில் உலகம் விட்டு உலகம் போகிறவன் அர்ச்சுனன். அல்லியும் பவளக்கொடியும் அவனவன் வந்து சேருகிற ஊர்களாக இருக்கிறார்கள். அல்லி அத்தினாபுரம் போய்த் திரௌபதியிடம், “உன் புருசன் என்ன செய்தான் தெரியுமா?” என்று கேட்டிருந்தால் அந்தத் தொடர் எப்படி ஓடியிருக்கும்?

கொங்குநாட்டில் இந்த இணைப்பு வேறு விதமாக நடந்தது. உடுக்கை அடித்துப் பாடும் அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் பாண்டவர்களின் மறுபிறப்பு. மண்ணைக் கொத்தி விளைவித்த குடும்பத்துக்குப் பாரதத்து வம்சம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எந்த உலகத்தோடு சொந்தம் கொண்டாடுகிறோம் என்பதில் அந்தஸ்தும் சேர்ந்தே வருகிறது. 1965இல் காங்கேயத்துக்கு அருகே ஓலப்பாளையத்தில் இந்தக் கதையைப் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூலின் தலைப்பு அண்ணன் தம்பியோடு தங்கையையும் சேர்த்து மூவராக எண்ணுகிறது. நம் ஊரில் கதையின் பெயரே அண்ணன்மார் கதை. கலைஞர் எழுதிய நாவலும் 2011இல் வந்த படமும் ‘பொன்னர் சங்கர்’. தங்காளுக்குத் தலைப்பில் இடமில்லை. படுகளத்தில் மட்டும் அவள் இல்லாமல் ஆகாது. விழுந்து கிடப்பவர்களை எழுப்ப வேண்டுமே!

பெண்ணைப் பெண்ணிடம் அனுப்பிய கதையும் நமக்குண்டு. 1943இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாபவிமோசனம்’. வால்மீகியில் இராமன் அகலிகையின் சாபம் தீர்ப்பது அவன் கல்யாணத்துக்கு முன்பு, அங்கே சீதை இல்லை. புதுமைப்பித்தன் வனவாசம் முடிந்து திரும்பும் சீதையை அகலிகையின் குடிலுக்குக் கூட்டிவருகிறார். தீக்குளித்ததைச் சீதை சொல்லக் கேட்ட அகலிகை கடைசியில் மறுபடியும் கல்லாகிறாள். இரண்டு பெண்கள் தனியாகப் பேசிக்கொண்ட பேச்சு இராமாயணத்தையே ஆட்டிவிட்டது. பின்னாளில் கோவையில் பிறந்த அம்பை ‘அடவி’ கதையில் இக்காலப் பெண் ஒருத்தியைக் காட்டுக்கு அனுப்பி, அவள் பக்கத்திலேயே சீதையின் கதையையும் வேறு விதமாக நடக்க விட்டார்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் மொட்டை மாடியில் சொன்னேன். பவர் கேட்ட அதே பெண் வேறொன்று கேட்டாள்: “தங்காள் கிளி கேட்டதாலதான சண்டைங்கறாங்க. அந்தக் கிளி ஆரோடதுங்க மேடம்?”

வேட்டுவர் காட்டுக் கிளி. அந்தப் பக்கத்திலும் ஒரு தங்கை இருக்கிறாள், வீரத்தங்காள். அண்ணன்மாரை எதிர்த்து வரும் கொம்பன் என்ற காட்டுப்பன்றி அவள் பக்கத்தது. ஒரே கதையில் இரண்டு தங்கைகள், இரண்டு பக்கமும் சாகிற ஆண்கள். நான் கேட்ட பாட்டில் இந்த இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளும் இடம் வந்ததே இல்லை. இத்தனை வருடம் தங்காள் என் ஊர்க்காரி என்று நினைத்துக் கேட்ட நானும் வீரத்தங்காளைப் பற்றி யோசித்ததில்லை. எந்தப் பக்கத்து வீட்டில் பிறந்து இந்தப் பாட்டைக் கேட்டேன் என்பது இதில் தெரிகிறது.

குந்தவையும் ஹெர்மயனியும் இரண்டாம் பாகத்துக்குத் தள்ளிப்போனார்கள். ஹெர்மயனியைக் கேட்ட பெண்ணுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முதல் கதையில் அல்லி மதுரையிலிருந்து கிளம்பிக் கொங்குக்கு வருகிறாள். காட்டோரத்தில் அவளைத் தங்காளும் வீரத்தங்காளும் எதிர்கொள்கிறார்கள். கிளி யாரிடம் இருப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை முடியாததால் நான்காம் அத்தியாயம் அப்படியே நிற்கிறது.