பாயும் நாற்காலியும்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது அரசு மருத்துவமனையின் பொது வார்டில் 19 நாள் இருந்தோம். இரண்டு வருஷம் கழித்து நிமோனியா முற்றி மூச்சு முட்டியபோது, ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் 9 நாள் இருந்தார். அங்கே "இருந்தோம்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முதல் இடத்தில் அவர் கட்டிலுக்கடியில் பாய் விரித்துக்கொண்டேன். இரண்டாவது இடத்தில் எனக்குக் கிடைத்தது மூன்றாம் மாடிக் கூடத்தில் ஓர் இரும்பு நாற்காலி.

108 ஆம்புலன்ஸில் கொண்டுபோன அன்று டூட்டி டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கும்மா இவரு நல்லா பேசினாரு?" மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். விடிகாலை ஐந்துக்கு எழுப்பினால் வாய் கோணியிருந்தது, இடது கை துவண்டு கிடந்தது. நடுவில் எப்போது வந்தது என்று பக்கத்தில் படுத்திருந்த எனக்கே தெரியவில்லை. ஊசி போட முடியவில்லை. அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அவரைப் பற்றித் தெரிந்தவள் நான்தான் என்று எடுத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது.

வார்டில் நாற்பது கட்டில். ராத்திரியில் சிஸ்டர் ஒருவர், சில நாள் இருவர். அவர்களால் ஊசி போடவும் ட்ரிப்ஸ் மாற்றவும்தான் முடியும். மற்றதெல்லாம் அட்டெண்டர், அதாவது நோயாளியோடு கூட வந்தவர் பாடு. மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவதற்கு முன் தலைமாட்டை உயர்த்த வேண்டும், ஊற்றிய பிறகும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது, இல்லாவிட்டால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும் என்று ஒரு சிஸ்டர் ஒரே ஒரு தடவை காட்டிக்கொடுத்தார். யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள் மூட்டு இறங்கிவிடும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவில்லை என்றால் படுக்கைப் புண் வந்துவிடும் என்றார்கள். எழுபது கிலோ ஆளை நான் ஒருத்தி எப்படிப் புரட்டுவது? பக்கத்துக் கட்டிலில் தன் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். "அக்கா, பழைய நூல் சேலை இருக்கா?" என்று கேட்டு வாங்கி, நாலாக மடித்து, அவர் முதுகிலிருந்து தொடை வரைக்கும் அடியில் விரித்தாள். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையை அவள் சுருட்டிப் பிடித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் இருவரும் தூக்கினோம். தோல் உரசாமல், கை இழுபடாமல் அவர் ஒருக்களித்துத் திரும்பினார். அன்றிலிருந்து அவள் வீட்டுக்காரருக்கு நான் ஒரு முனை, என் வீட்டுக்காரருக்கு அவள் ஒரு முனை. பகலில் ஒருத்தி காவல் இருக்க, மற்றவள் அம்மா உணவகத்துக்குப் போய் ஒரு ரூபாய் இட்லி வாங்கி வருவாள்.

அந்த வார்டை நான் புகழ்ந்து பாடவில்லை. கழிவறை பக்கம் போகவே முடியாது. பாயில் படுத்துப் படுத்து என் இடுப்பு போய்விட்டது. எல்லாவற்றையும்விட, யாருமில்லாமல் வந்து கிடந்த பெரியவர் ஒருவரைப் புரட்ட ஆளில்லை. கை ஒழிந்தபோது நாங்கள் புரட்டினோம், ஒழியாதபோது அவர் அப்படியே கிடந்தார். துணை இருந்தால்தான் நோயாளி பிழைப்பான் என்ற ஏற்பாடு துணையில்லாதவருக்குக் கொடுமை. பெண்கள் வார்டில் இது வேறு விதம். அங்கே ராத்திரியில் ஆண்கள் தங்க முடியாது. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவியை இரவில் யாரோ ஒரு உறவுக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு, ஆண்கள் வெளியே மரத்தடியில் துண்டு விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். மற்றப் பெண்களின் மறைவுக்கு அந்த விதி வேண்டும்தான். ஆனாலும் ஒரு திரைச்சீலையால் தீர்க்கக்கூடியதை இப்படித் தீர்த்திருக்க வேண்டாம்.

தனியார் மருத்துவமனையில் என் கைக்கு வேலையே இல்லை. கையெழுத்துக்குத்தான் வேலை. முதல் நாள் மட்டும் ஏழெட்டு இடத்தில் போட்டேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் இந்தச் சிகிச்சை அந்தப் பட்டியலில் வருகிறதா, எவ்வளவு வரும் என்று கேட்டுப் பில்லிங் கவுண்டருக்கும் காப்பீட்டு மேசைக்கும் நடந்தே பாதி நாள் போனது. காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம், ஒருவர் மட்டும் கவுன் போட்டுக்கொண்டு உள்ளே போகலாம். மீதி நேரமெல்லாம் அந்த நாற்காலி. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லும்போதெல்லாம் வயிறு கலங்கும். ஓடிப்போனால் மருந்துச் சீட்டு.

அங்கே அவர் உயிரைக் காப்பாற்றினார்கள். முகமூடி போட்டு அழுத்தத்தோடு காற்று செலுத்தி, நொடிக்கு நொடி ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டார்கள். பழைய பொது வார்டில் கிடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். நான் ஒப்பிடுவதில் பாதி அரசும் தனியாரும் அல்ல, வார்டும் ஐ.சி.யூ.வும்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் துணையாக வந்தவளுக்கு அந்த வித்தியாசம் கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதுதான்.

நான்காம் நாள் மாலை உள்ளே போனால், அவர் என்னை அடையாளம் காணவில்லை. "சில்லறை குடும்மா, வாடிப்பட்டி வந்துருச்சு" என்றார். மதுரை–திண்டுக்கல் தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர். மானிட்டர் சத்தம் அவருக்கு விசிலாகக் கேட்டிருக்கிறது. "காலையிலிருந்தே இப்படித்தான், ட்யூபைப் பிடித்து இழுக்கிறார், கையைக் கட்டி வைத்திருக்கிறோம்" என்றார் சிஸ்டர். இரவும் பகலும் ஒரே வெளிச்சமாக இருக்கும் ஐ.சி.யூ.வில் வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும் என்று சொன்னார். கண்ணும் காதும் சரியாக இல்லாதவர்களுக்கு அதிகம் வருமாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய கண்ணாடியும் காது மிஷினும் என் கைப்பையில் இருந்தன. அட்மிஷன் அன்று மோதிரத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, "பத்திரமா வச்சுக்கங்க" என்று என்னிடம் கொடுத்ததை, நான்கு நாளும் மடியில் வைத்துப் பத்திரமாகக் காத்திருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் எதுவும் தெளிவாகத் தெரியாமல், எதுவும் கேட்காமல், கை கட்டப்பட்டுக் கிடந்திருக்கிறார். இவர் கண்ணாடி போடுவாரா, எந்தக் காது கேட்காது, என்ன வேலை பார்த்தார் என்று அங்கே யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று தோன்றும்படி அங்கே எதுவும் இல்லை.

அந்த சிஸ்டரிடம் கெஞ்சினேன். நல்ல பெண், மறுக்கவில்லை. கண்ணாடியை மாட்டி, காதில் மிஷினை வைத்து, "என்னங்க, நான்தான். ஆஸ்பத்திரியில இருக்கோம். இன்னிக்குச் செவ்வாக்கிழமை, சாயங்காலம்" என்றேன். வெகுநேரம் பார்த்தார். "நீ சாப்பிட்டியா?" என்றார். மறுநாளிலிருந்து என்னை அரை மணி நேரம் இருக்க விட்டார்கள். இரண்டு நாளில் கட்டை அவிழ்த்தார்கள்.

இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுதாகத் தெரிந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். அரசு மருத்துவமனையிலிருந்து வரும்போது ஒரு சின்னச் சீட்டோடு வந்தேன். ஆனால் அவரை எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் படுக்க வைப்பது, எந்த இருமலுக்குப் பயப்படுவது என்று எல்லாம் என் கைக்குத் தெரிந்திருந்தது. தனியாரில் பன்னிரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தார்கள். அந்த ஒன்பது நாளில் அவர் உடம்புக்கு என்னவெல்லாம் நடந்தது என்று அந்தப் பக்கங்களைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதில் இல்லாதது ஒன்று, அன்று ராத்திரி உடம்பு துடைக்கும்போது கண்ணில் பட்டது. முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து, நடுவில் தோல் உரிந்திருந்தது.

பீரோவிலிருந்து பழைய நூல் சேலையை எடுத்தேன். நாலாக மடித்து அடியில் விரித்து, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி மகளைக் கூப்பிட்டேன்.