கெடா தோட்டப்புறத்தில் முதுமையும் உடல் இயலாமையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தீபகற்ப மலேசியாவின் வடமேற்கில், ஜெராய் மலைக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே அமைந்துள்ளது யான் வட்டாரம். மலையின் மேற்குப் புறத்தில் நெல்வயல்கள் கடற்கரைவரை விரிந்துள்ளன. கிழக்கிலும் தெற்கிலும் குருண், பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் எனத் தொடரும் நிலப்பகுதியில் இரப்பர்த் தோட்டங்கள் பரவின. இவற்றுள் நெல்வயல் சார்ந்த ஏழ்மையைக் கல்வியுலகம் நன்கறியும். 1978 முதல் 1980 வரை முடாச் சமவெளியின் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு நிகழ்த்திய ஜேம்ஸ் ஸ்காட், 1985-இல் வெளியிட்ட நூலின்வழி, அறுவடை இயந்திரங்கள் ஏழை உழவரின் வேலையைப் பறித்தமையை உலகறியச் செய்தார். தோட்டப்புறத்தில் உழைத்து முதுமை எய்திய தமிழரின் உடல்நிலையோ அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை.

முதியோரின் உடல் இயலாமையை அளக்க மருத்துவத் துறையினர் பெரிதும் பயன்படுத்துவது, 1963-இல் சிட்னி கேட்ஸும் அவர்தம் குழுவினரும் வகுத்த அளவுகோலாகும். குளித்தல், உடுத்தல், கழிவறை செல்லல், படுக்கையினின்றும் எழுதல், மலசலம் அடக்கல், உண்ணல் ஆகிய ஆறனையும் ஒருவர் பிறர் உதவியின்றிச் செய்ய இயலுமா என்பதே அதன் வினா. இவ்வாறு அளந்த ஆய்வுகள் பல நாடுகளிலும் ஏறத்தாழ ஒரே முடிவையே தந்துள்ளன. வயது மூத்தோர், பெண்கள், கல்வி குறைந்தோர், வருவாய் குறைந்தோர், துணையை இழந்தோர் ஆகியோரிடையே இயலாமை மிகுதி; நீரிழிவு, பக்கவாதம், மூட்டுநோய், பார்வைக் குறைவு, மனச்சோர்வு ஆகியன அதனை விரைவுபடுத்துகின்றன. ஆயின் இவை யாவும் அறுபது வயதுக்குப் பின் எடுக்கப்படும் கணக்கில் புலப்படுபவை. கல்வியும் வருவாயும் ஏன் குறைந்தன, மூட்டு ஏன் தேய்ந்தது என்னும் வினாக்களுக்கு விடை வரலாற்றில்தான் உள்ளது. தோட்டத் தமிழரின் முதுமைக்கால இயலாமை முதுமையில் தோன்றியதன்று. முதியோருக்கு இடமே வகுக்காத ஓர் அமைப்பு பல்லாண்டுகளாக உருவாக்கியது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதியோர் இல்லாத தோட்டம்

1909-ஆம் ஆண்டின் ஆங்கிலேய-சயாம் உடன்படிக்கையால் கெடா ஆங்கிலேயரின் மேலாதிக்கத்தின்கீழ் வந்தது. அக்காலத்தில் பெருகிய இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகளின்வழித் தமிழகச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டனர். உழைக்கும் வயதினரே விரும்பி எடுக்கப்பட்டனர். 1907-இல் தோற்றுவிக்கப்பட்ட குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று ஆள்களைக் கொண்டுவரும் செலவை ஏற்றது. உழைக்க இயலாதவர்களைத் திருப்பியனுப்பவும் அந்நிதியே பயன்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் அனுப்பப்பட்டனர். கேர்னியல் சிங் சந்துவின் 1969-ஆம் ஆண்டு நூல் இதன் பரப்பை உணர்த்தும். 1957 வரை மலாயா வந்த இந்தியர் ஏறத்தாழ 40 இலட்சம். அவ்வாண்டில் இங்கு வாழ்ந்தவரோ 10 இலட்சத்தையும் எட்டவில்லை.

இதன் பொருளை நாம் ஊன்றி நோக்க வேண்டும். தொழிலாளியைப் பெற்று வளர்த்த செலவைத் தமிழகச் சிற்றூர் ஏற்றது. அவர் உழைப்பின் பயனைத் தோட்டம் பெற்றது. உழைத்து ஓய்ந்தபின் பேணும் பொறுப்பு மீண்டும் சிற்றூரையே சார்ந்தது. லயத்து வீடு, மருத்துவமனை, ஆயாக் கொட்டகை, பள்ளி ஆகியவற்றுக்குத் தோட்டத்தில் இடமிருந்தது. முதியவருக்கென ஏதும் வகுக்கப்படவில்லை. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்பாளரின் குடிபெயர்வைத் தடைசெய்தது. அதன்பின் இங்கேயே பிறந்து, இங்கேயே முதுமை எய்தும் தலைமுறை உருவாகியது. ஆயினும் தோட்டத்தின் அமைப்பு அதற்கேற்ப மாறவில்லை.

உடலில் பதிந்த உழைப்பு

மலேரியாவை முதற்கண் கூற வேண்டும். கிள்ளானில் 1901 முதல் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சனும் அவர் காலத்து ஆய்வாளர்களும் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். மலைச்சரிவில் காட்டை வெட்டியதும் நிழலின்றி வெயில்படும் தெளிந்த ஓடைகளில், மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு பெருகியது. தோட்டம் அமைக்கும் செயலே நோயையும் விளைவித்தது எனலாம். வெறுங்காலின்வழி உடலுள் புகும் கொக்கிப்புழு குருதிச்சோகையை மிகுவித்தது. இவ்விரண்டாலும் நலிந்த தாய்மார் எடை குறைந்த குழந்தைகளைப் பெறும் வாய்ப்பு மிகுதி. பிறப்பெடை குறைந்தோர்க்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இதயநோயும் வரும் வாய்ப்பு மிகும் என்னும் கருதுகோளை 1980-களின் இறுதியில் டேவிட் பார்க்கர் முன்வைத்தார். மலேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்புகளில் மூன்று பேரினங்களுள் இந்தியரிடையே நீரிழிவு மிகுந்து காணப்படுவதை விளக்க உணவுப் பழக்கம் ஒன்றையே சுட்டுவது போதாது. தாயின் உடல்நிலையும் அதனுள் அடங்கக்கூடும்.

அடுத்தது தொழிலின் தன்மை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களை நாள்தோறும் சீவுபவர், தாழ்ந்த வெட்டுக்குக் குனிந்தும் குந்தியும், உயர்ந்த வெட்டுக்குக் கழுத்தை அண்ணாந்தும் வேலை செய்தார். சேர்த்த பாலைக் காண்டாக் கம்பில் தொங்கும் வாளிகளில் தோளேற்றி, மேடுபள்ளங்களைக் கடந்து நிறுவைக் கொட்டகைக்குச் சுமந்தார். இடுப்பும் முழங்காலும் தோளும் நாள்தோறும் ஏற்ற சுமையின் வடு முதுமையில் வெளிப்பட்டது. இரப்பருக்கு மாற்றாகச் செம்பனை வந்தபின் குலை வெட்டலும் சுமத்தலும் ஆடவர் பணியாயின. களைக்கொல்லி தெளிக்கும் பணியில் பெண்கள் மிகுதியாக ஈடுபடுத்தப்பட்டனர். தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளை எதிர்க்கும் வலையமைப்பும் இணைந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இப்பெண்களின் நிலையை வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டே அரசு பாராகுவாட் எனும் களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்த முடிவுசெய்தது. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020-ஆம் ஆண்டு சனவரித் திங்களில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஊதியத்திலும் வேறுபாடு இருந்தது. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் ஆடவர்க்கு நாளொன்றுக்கு 50 காசு எனத் திட்டக்கூலி வகுக்கப்பட்டபோது பெண்களுக்கு 40 காசே வகுக்கப்பட்டது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்ற சிறுமியரும் பலர். கல்வியின்மை, குறைந்த வருவாய், பெண்பால் என இன்றைய ஆய்வுகள் தனித்தனியே பட்டியலிடும் காரணிகள் தோட்டத்தில் ஒரே வாழ்வின் ஒரே இழையாகப் பின்னிக் கிடந்தன.

போரும் கள்ளும்

சப்பானியர் ஆட்சியில் பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டவர் போக மீண்டவருள் பலர் ஆறாத புண்களோடும் நலிந்த உடலோடும் தோட்டம் திரும்பினர். கெடாவோ 1943-இல் சயாமின் நிருவாகத்தின்கீழ் வைக்கப்பட்டிருந்தது.

போருக்குப்பின் எழுந்த தொண்டர் படை இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. பீடோங்கிற்கு அருகிலுள்ள ஆர்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் 1946-இல் வலுப்பெற்ற அவ்வியக்கம், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்தது. கள் தொழிலாளியின் கூலியையும் உடலையும் ஒருசேரக் கரைக்கிறது என்பதைத் தொழிலாளரே உணர்ந்து செயற்பட்டமைக்கு இது சான்றாகும். 1947 மார்ச்சுத் திங்களில் காவல்துறையினருடன் மோதல் நிகழ்ந்தபின் அவ்வியக்கம் ஒடுக்கப்பட்டது. தம் உடல்நலத்தைத் தாமே காக்க முனைந்த ஒரு முயற்சி பொது ஒழுங்குச் சிக்கலாக மட்டுமே பார்க்கப்பட்டது.

சட்டங்களின் இடைவெளி

விடுதலைக்கு முன்னும் பின்னும் காப்புச் சட்டங்கள் சில இயற்றப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. 1951-இல் ஊழியர் சேமநிதி தோன்றியது. 1969-இல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எனினும் சேமநிதி ஊதியத்தின் விழுக்காட்டைச் சேமிப்பதாகும். ஆகவே குறைந்த கூலி குறைந்த முதுமைச் சேமிப்பையே தந்தது. அதுவும் 55 வயதில் மொத்தமாகப் பெறக்கூடியதாக இருந்ததால் கடனிலும் திருமணச் செலவிலும் விரைவில் கரையக்கூடியது. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் இயலாமை ஓய்வூதியமோ 55 வயதை எட்டுமுன் இயலாதவரானோர்க்கே உரியதாக இருந்தது. 2013-இல்தான் அவ்வெல்லை 60-ஆக உயர்ந்தது. விபத்தில் கை இழந்தவரை இச்சட்டம் அடையாளங்கண்டது. நாற்பதாண்டு குனிந்து சீவி, 62-ஆம் வயதில் எழுந்து நிற்க இயலாமற்போனவர் அதன் எல்லைக்கு அப்பால் நின்றார். மெல்லத் தேயும் உடலுக்குச் சட்டத்தின் மொழியில் பெயரில்லை.

பழைய குடியேற்ற நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றியமைக்கப்பட்டது. தொழிலாளரின் உழைப்பைக் கணக்கிட்டுத் திரட்டப்பட்ட வரியின் வழிவந்த அந்நிதி 1999-இல் சட்டத்தின்வழிக் கலைக்கப்பட்டது. தோட்டங்களைவிட்டு மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

தோட்டத்திலிருந்து நகரத்திற்கு

லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. வேலையிலிருந்து நின்ற முதியவர் அங்கே தொடர்ந்து வாழ, பிள்ளைகளுள் ஒருவரேனும் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தது. பெற்றோரின் முதுமை இவ்வாறு அடுத்த தலைமுறையின் கல்வியையும் பிணையாகக் கேட்டது. 1950-களில் தோட்டத் துண்டாடல் இந்நிலையைக் கடுமையாக்கிற்று. உங்கு அசிஸ் அதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பது இம்மாநிலத்திற்குரிய சிறப்பாகும். 1969-ஐ அடுத்த ஆண்டுகளில் குடியுரிமையும் வேலை அனுமதியும் பெறாத பல்லாயிரவர் மீண்டும் இந்தியா சென்றனர்.

1980-க்குப் பின் தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. நாடளாவிய நிலையில் 3 இலட்சம் பேர் வரை இடம்பெயர்ந்தனர் என்னும் மதிப்பீடு பரவலாக எடுத்தாளப்படுகிறது. நகரின் புறம்போக்கு வீடுகளிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் குடியேறிய முதியவர், கோயிலையும் அண்டை வீட்டாரையும் காய்கறிப் பாத்தியையும் ஒருங்கே இழந்தார். முழங்கால் வலிப்பவர்க்கு நான்காம் மாடி வீடு ஒரு சிறையே. தரைத்தளத்தில் குடியிருந்தால் தாமே கடைக்குச் செல்லக்கூடியவர், மாடியில் குடியிருப்பதால் இயலாதவர் எனக் கணக்கிடப்படுகிறார். உலக நலவாழ்வு அமைப்பு 2001-இல் ஏற்ற வகைப்பாடு, இயலாமையை உடலின் குறையாக மட்டும் கொள்ளாது, உடலும் சூழலும் இணைந்து விளைவிப்பதாகக் கொள்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

முதியோர் உடற்பயிற்சி செய்க, இனிப்பைக் குறைத்துக்கொள்க எனும் அறிவுரைகள் பயனுடையவையே. ஆயின் அவை மட்டும் போதுமெனக் கொண்டால், அமைப்பின் பொறுப்பு முழுவதும் முதியவரின் தோளில் ஏற்றப்பட்டுவிடும்; காண்டாக் கம்பைச் சுமந்து தேய்ந்த தோள் அது. நலவாழ்வு ஆய்வாளர் வயது, வருவாய், நோய் ஆகியவற்றோடு, எத்தனை ஆண்டுகள் எத்தகைய வேலை செய்தார், மருந்து தெளித்தாரா, எப்போது வீடிழந்தார் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். அப்போதுதான் இழப்பீடு, வீடமைப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கான கோரிக்கைகள் சான்றுகளோடு நிற்கும்.

இப்பணியில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. கெடாவின் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் மாணவர் பலரின் பாட்டன் பாட்டியர் பால்வெட்டிய கடைசித் தலைமுறையினர். அவர்தம் தொழில் வாழ்வை ஆண்டுவாரியாகக் கேட்டெழுதச் செய்தல் கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும். வரலாற்று ஆவணமாகவும் அமையும். தோட்ட நிருவாகங்களின் பதிவேடுகள் எத்தனை மரம், எவ்வளவு பால் என்பதையே குறித்துவைத்தன. சீவிய கை பின்னாளில் என்னவாயிற்று என்பதைக் கூறவல்லவர்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மிடையே இருப்பர்.