நாமகிரியும் நாற்படியும்

நாமக்கல் என்றதும் நினைவில் எழுவது ஊர் நடுவே ஓங்கி நிற்கும் ஒற்றைப் பாறை. அதன் அடியில் குடைவரை நரசிங்கரும் நாமகிரித் தாயாரும் கோயில் கொண்டுள்ளனர். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுசனின் (1887–1920) குடும்பம் தொழுத தெய்வம் இத்தாயார். கனவில் தோன்றிச் சூத்திரங்களை அவளே அருளினாள் என்பது இச்சமவெளி பெருமையோடு பேசும் செய்தி. அப்பெருமை அவர்தம் உழைப்பை மறைத்துவிடலாகாது. அவ்வுழைப்பின் அருமையை உணர, பள்ளிப் பிள்ளைகள் பழகும் காரணிப்படுத்தலிலிருந்து தொடங்குதல் தகும்.

ஒரு செவ்வக வயலின் பரப்பு, 'அ'வின் வர்க்கமும் ஐந்து 'அ'வும் ஆறும் கூடிய தொகை என்க. பெருக்கினால் 6, கூட்டினால் 5 தரும் எண்கள் 2, 3. ஆகவே வயலின் ஒரு பக்கம் அ + 2. மறுபக்கம் அ + 3. கூட்டலாய் நின்றதைப் பெருக்கலாய்ப் பிரித்துக் காண்பதே காரணிப்படுத்தல். எண்கள் இவ்வாறு எளிதில் அகப்படாவிடத்து வேறு விதி வேண்டும். இருபடிக்கு அத்தகைய விதியைப் பிரமகுப்தர் 628இல் தந்தார். முப்படிக்கும் நாற்படிக்கும் உரிய வழிகள் இத்தாலியில் 1545இல் கார்டானோவின் நூலில் வெளிவந்தன. அவர்தம் மாணவர் ஃபெராரி, நாற்படியை இரண்டு இருபடிகளாகப் பிளந்தே விடை கண்டார். நாற்படி வரை ஏறியவரும் இருபடிப் பாடத்திற்கே மீள வேண்டியிருந்தது.

இராமானுசன் முப்படிச் சமன்பாட்டின் தீர்வுமுறையை அறிந்தது 1902இல். அப்போது அவர் பள்ளி மாணவர். நாற்படிக்கான வழியைத் தாமே கண்டறிந்தார். மறு ஆண்டு ஐந்தாம் படியைத் தீர்க்க முயன்றார், இயலவில்லை. நான்கு அடிப்படைச் செயல்களாலும் மூலங்களாலும் மட்டும் ஐந்தாம் படிக்குப் பொதுத் தீர்வு காண இயலாது என்பதை நார்வே நாட்டு ஏபெல் 1824இலேயே நிறுவியிருந்தார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்தும் அச்செய்தி அம்மாணவரை எட்டவில்லை. உலகம் அறிந்ததை அறிவிக்க நூலும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. பின்னர்க் கணிதத்தில் மட்டுமே மனம் தோய்ந்ததால், பிற பாடங்களில் தவறிக் கல்லூரி உதவித்தொகையையும் இழந்தார். தாள் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார்.

கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி அழைத்தபோது, கடல் கடத்தல் ஆகாது என்னும் வழக்கம் குறுக்கே நின்றது. 1913ஆம் ஆண்டின் இறுதியில் நாராயண ஐயருடன் நாமக்கல் வந்து, கோயிலில் மூன்று இரவுகள் தங்கி, தாயாரின் ஆணை பெற்றார் என அவர்தம் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1914 மார்ச் 17இல் சென்னையிலிருந்து கப்பலேறினார்.

அவரோடு பழகியோர் எழுதி வைத்த குறிப்பொன்று இங்கு நோக்கத்தக்கது. கனவில் பெற்றதாகக் கருதிய முடிவுகளைத் துயில் எழுந்ததும் குறித்துக்கொண்டு, உடனே சரிபார்ப்பது அவர் வழக்கமாம். அருள் என்று நம்பியதையும் அவர் சோதியாமல் விட்டாரல்லர். கவிதைக்கும் இது பொருந்தும். தானே வந்த அடியும் தளையும் பொருளும் நோக்கித் திருத்தப்பட்ட பின்னரே பாட்டாகிறது. நாமகிரியைப் போற்றுவோர் அந்தச் சிலேட்டையும் உடன் போற்றுதல் முறையாகும்.