லயத்து முற்றத்துக் கற்பூரவல்லி

கேமரன் மலைக்கு, 1885-ஆம் ஆண்டில் அப்பகுதியை அளந்தறியச் சென்ற வில்லியம் கேமரனின் பெயர் நிலைத்தது. 1929-இல் அங்குப் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய ஜே. ஏ. ரஸ்ஸலின் பெயரும் நூல்களில் இடம்பெற்றது. ஆனால், வடபால் உள்ள கம்போங் ராஜா முதலாக அம்மலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளிய தமிழ்ப் பெண்களின் பெயர்களை ஏடுகளில் காண்டல் அரிது. அவர்தம் வரலாற்றை அறிய விழைவோர் லயத்து வீட்டு முற்றத்தை நோக்குதல் வேண்டும். துளசி, கறிவேப்பிலை ஆகியவற்றின் அருகே தழைக்கும் கற்பூரவல்லி அவ்வரலாற்றின் ஓர் ஏடாகும்.

இதன் தடித்த இலையைக் கசக்கினால் ஓமத்தின் மணம் எழும். ஆதலின் ஓமவல்லி என்றும் வழங்குவர். மேலைநாட்டார் உணவுக்கும் அழகுக்கும் வளர்க்கும் ஓரிகானோவும் இதுவும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கார்வக்ரால் என்னும் பொருள் இரண்டிலும் உண்டு. இலைவிளிம்பு வெண்மையாக அமைந்த வகை தொட்டிகளில் அழகுச் செடியாகவும் விளங்குகிறது.

இதனைத் தமிழ்நாட்டிலேயே தோன்றிய மூலிகை எனக் கருதுவோர் பலர். தாவரவியலார் இதன் தாயகம் ஆப்பிரிக்கா என்பர். 1790-இல் போர்த்துக்கீசியப் பாதிரியார் லூரெய்ரோ இதற்கு இட்ட அறிவியற்பெயரோ, கிழக்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான அம்போனைக் குறிப்பது. மலாய்க்காரர் இதனைப் ‘பங்குன்-பங்குன்’ என்பர். சுமத்ராவின் பத்தாக் மக்கள், பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க இதன் தழையைச் சமைத்துக் கொடுப்பர். எனவே, இச்செடி தமிழரோடு கப்பலேறி வந்தால்தான் உண்டு என்ற நிலை இல்லை. இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, சாற்றில் தேன் கலந்து, குழந்தையின் சளிக்குக் கொடுக்கும் கைப்பக்குவமே தாயிடமிருந்து மகளுக்கு வந்த சீதனம். மலைக்குளிரில் அதன் அருமை மிகுந்தது.

குடும்பமுள்ள தொழிலாளிக்கு 1/16 ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. எனினும், வீடும் நிலமும் தோட்டத்துக்கே உரியவை. வேலை முடிந்தால் இரண்டையும் விட்டு நீங்க வேண்டும். கற்பூரவல்லிக்கு விதை வேண்டா. கணுவோடு ஒடித்த ஒரு சாண் தண்டு போதும். நீர் தேங்காத மண்ணில் ஊன்றினால் வேர்பிடிக்கும். நிலத்தை உடன்கொண்டு செல்ல இயலாதவர்க்கு, கையில் எடுத்துச் செல்லத்தக்க தோட்டமாக அஃது அமைந்தது.

இன்று கம்போங் ராஜாவைச் சூழ்ந்து காய்கறித் தோட்டங்களே பெருகியுள்ளன. பழைய லயங்கள் மறையினும் செடி மறையாது. அதன் பயன் அறிந்த பாட்டிமார் மறைவர். பள்ளித் தோட்டத்தில் ஒரு தண்டை ஊன்றும் ஆசிரியர், அதன் பயனை வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வருமாறு மாணவரைப் பணிப்பாராயின், ஏட்டில் ஏறாத ஒரு வரலாறு ஏடேறத் தொடங்கும்.