யானையின் குணம் பிறப்பில் வருவதா?

கண்டியில் எசல பெரஹர நெருங்கும் மாதங்களில் யானைப் பேச்சு கடைத்தெரு வரைக்கும் வந்துவிடும். எந்தக் கொம்பன் சாது, எது முரடு, எதை நம்பிச் சனத்துக்குள் கொண்டுபோகலாம் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள். இந்த நகரத்தில் வாழும் எனக்கு அந்தப் பேச்சில் அடிக்கடி காதில் விழுவது 'பிறவிக் குணம்' என்ற சொல். ஊர்வலத்துக்கு யானைகள் போதாது என்ற குறையோடு, மனிதரிடையே பிறந்த குட்டி இயல்பாகவே சாதுவாக வளரும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா?

ஏறாவூரிலிருந்து வந்த ராஜா

சாதுவான யானைக்கு உதாரணம் கேட்டால் கண்டியில் எவரும் தலதா மாளிகையின் ராஜாவைத்தான் சொல்வார்கள். பல பத்தாண்டுகள் பெரஹரவில் புனிதப் பேழையைச் சுமந்த அந்தக் கொம்பன் 1986 இல் தேசியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 1988 இல் இறந்தபின் பாடம் செய்யப்பட்ட அதன் உடல் மாளிகை வளாகத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.

பழைய பௌத்த நூல்கள் யானைகளைப் பத்துக் குலங்களாகப் பிரிக்கின்றன. அவற்றில் உயர்ந்தது சத்தந்த குலம். ராஜாவின் பொறுமைக்கு அந்தக் குலப் பிறப்பே காரணம் என்பது பலரின் நம்பிக்கை. ஆனால் இந்தக் குலம் தாய் தகப்பனைக் கொண்டு அறியப்படுவதல்ல; உடல் அடையாளங்களைப் பார்த்துச் சொல்லப்படுவது. ராஜாவின் பெற்றோர் யாரென எவருக்கும் தெரியாது. அது 1925 அளவில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஏறாவூர்க் காட்டில் பிடிக்கப்பட்டது. பிடித்தவர்கள் யானை பிடிப்பதில் பேர்போன ஏறாவூர்ப் பணிக்கர்மார். பின்னர் மம்பிட்டிய திசாவையிடம் விற்கப்பட்டு, 1937 இல் மாளிகைக்குக் காணிக்கையாக வந்தது. கண்டி கொண்டாடும் குணவான் கிழக்கின் காட்டிலே பிறந்த விலங்கு. ஒரு யானையை வைத்து முடிவு சொல்ல இயலாது. என்றாலும், மனித வளர்ப்பில் பிறந்தால்தான் சாது என்ற பேச்சுக்கு ராஜா துணை நிற்காது.

பாம்பும் நரியும் காட்டியவை

குணத்தில் ஒரு பங்கு பிறப்பில் வருகிறது என்பது உண்மைதான். அதைத் தெளிவாகப் பார்க்கப் பாம்பு வசதியான விலங்கு. பெரும்பாலான பாம்புகள் குட்டிகளை வளர்ப்பதில்லை. ஆகவே தாயைப் பார்த்துப் பழகியது என்று சொல்ல இடமில்லை. அமெரிக்காவின் கார்ட்டர் பாம்புகளில் எட்மண்ட் ப்ரோடி செய்த ஆய்வு 1989 இல் வெளியானது. சினைப் பாம்புகளை ஆய்வுகூடத்தில் குட்டி போடவைத்து, ஒவ்வொரு குட்டியும் ஆபத்தில் எப்படி ஓடுகிறது என்று அவர் கவனித்தார். நேரே ஓடுவதா, திடீரெனத் திசைமாற்றித் தப்புவதா என்பதில் ஒரு தாயின் குட்டிகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

ரஷ்யாவின் நொவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் 1959 இல் தொடங்கிய நரி ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதருக்கு அஞ்சாத சில நரிகளை மட்டுமே இனப்பெருக்கத்துக்கு விட்டார்கள். சில தலைமுறைகளுக்குள்ளேயே நாய்போல வாலாட்டி வரும் நரிகள் பிறந்தன. முரட்டு நரிகளின் குட்டிகளைச் சாதுவான தாயிடம் வளர்த்தபோதும் முரட்டுத்தனம் பெரிதாக மாறவில்லை.

யானைக்கு ஏன் அப்படியே பொருந்தாது

நரிகளின் குணம் மாறியதற்குக் காரணம் கூட்டில் பிறந்தது அல்ல. தலைமுறை தலைமுறையாக நடந்த தெரிவு. யானையில் அப்படியொரு தெரிவு நடந்ததில்லை. அதன் கர்ப்பகாலம் ஏறத்தாழ 22 மாதங்கள். அடுத்த குட்டிக்கு நான்கைந்து ஆண்டுகள் செல்லும். கேகாலை மாவட்டத்திலுள்ள பின்னவல யானைகள் சரணாலயம் 1975 இல் ஐந்து குட்டிகளுடன் தொடங்கியது. அங்கே முதல் குட்டி பிறந்தது 1984 இல். அதிலிருந்து கணக்கிட்டாலும் இரண்டு மூன்று தலைமுறைக்கு மேல் போகாது. அங்கே வந்தவையும் காட்டில் தாயை இழந்தவை. குணம் பார்த்துச் சேர்த்தவையல்ல. ஆகவே பின்னவலவில் பிறந்த யானையும் இரத்தத்தால் காட்டு யானைதான். அது மனிதரோடு பழகியிருக்கிறது, அவ்வளவே.

யானைகளுக்குத் தனித்தனிக் குணம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. மியன்மாரில் மரம் இழுக்கும் 250 இற்கும் அதிகமான யானைகளைப் பற்றிப் பாகர்களிடம் விசாரித்த ஆய்வு 2018 இல் வெளியானது. கவனம், கூடிப்பழகும் தன்மை, மூர்க்கம் என மூன்று அடிப்படைக் குணங்களை அது அடையாளம் கண்டது. ஆனால் யானைக்குட்டி ஆண்டுக்கணக்கில் தாயோடும் மந்தையோடும் வளர்வதால், பாம்பில் செய்ததுபோலப் பிறப்பையும் வளர்ப்பையும் எளிதாகப் பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆண் யானைக்கு வரும் மதத்தையும் குணத்தோடு குழப்பக்கூடாது. அது உடற்சுரப்புகளால் வந்து போகும் நிலை. சாதுவான யானைக்கும் வரும்.

வளர்ப்பும் காயமும்

தென்னாபிரிக்காவின் பிலானஸ்பேர்க் பூங்காவில் 1990களில் இளம் ஆண் யானைகள் 40 இற்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. அவை மந்தைகள் சுட்டுக் குறைக்கப்பட்டபோது தப்பி, பெரியவை இல்லாத இடத்தில் வளர்ந்த அநாதைகள். வழமைக்கு முந்தியே அவற்றுக்கு மதம் பிடித்தது. 1998 இல் குரூகர் பூங்காவிலிருந்து ஆறு முதிர்ந்த ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் அடங்கியது, கொலைகளும் நின்றன. பிறவிக் குணம் என்று முடிவுகட்டிச் சுட்டிருந்தால் இது தெரியவந்திராது.

பின்னவலவுக்கு வந்த யானைகளில் ஒன்று சமா. சிறு குட்டியாக இருந்தபோது மிதிவெடியில் முன்கால் பாதத்தை இழந்தது. அப்படிப்பட்ட ஒரு விலங்கு மிரண்டாலோ முறுகினாலோ அதற்குக் காரணத்தை அதன் குலத்தில் தேட வேண்டியதில்லை. மியன்மாரில் 5,000 இற்கும் அதிகமான யானைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்களும் இதையொத்த ஒன்றைக் கண்டார்கள். காட்டில் பிடிக்கப்பட்டவை, மனிதரிடையே பிறந்தவற்றை விட விரைவில் இறந்தன. பிடிபட்ட அதிர்ச்சியின் பாதிப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

ஆகவே, விகாரைக்கு ஒரு குட்டியைக் கேட்கும்போது அது எங்கே பிறந்தது என்பதோடு விசாரணை முடியக்கூடாது. எந்த வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது, மூத்த யானைகளோடு வளர்ந்ததா, எத்தனை பாகர் கை மாறியது, என்ன காயம் பட்டது என்பவையே முதலில் கேட்க வேண்டியவை.

யானையும் மனிதரும் ஒன்றல்ல. ஆனால் யுத்தத்துக்குள் பிறந்து முகாம்களில் வளர்ந்த நம் பிள்ளைகளில் ஒன்று கோபப்பட்டாலோ ஒதுங்கியிருந்தாலோ, 'அது அதன்ட பிறவிக் குணம்' என்று நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் சொல்கிறார்கள். சொன்னவுடன் விசாரணை நின்றுவிடுகிறது. பிலானஸ்பேர்க்கில் அந்த இளம் யானைகளுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் நிற்கப் பெரியவர்கள். நம் பிள்ளைகள் விடயத்திலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.